புதிதாகப் போட்ட மரத்தளம் சத்தம் போடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது மரத்தளம் போட்டு, சாமான்களையெல்லாம் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, முதல் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து நடக்கும்போது காலடியில் 'கிரீச்' என்று கேட்டால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். போட்ட பணமெல்லாம் போச்சா என்று தோன்றும். பெரும்பாலும் போகவில்லை. எது அசைகிறது என்று தெரிந்துகொள்ளாமல், கையில் கிடைத்ததை எடுத்து மேலே ஆணி அடிக்கவோ பவுடர் கொட்டவோ ஆரம்பித்தால்தான் நல்ல தளமும் கெட்டுப்போகும். அதனால் இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் இருக்கும், சரிசெய்வது அதற்கு அப்புறம்.

மரத்தளம் ஏன் சத்தம் போடுகிறது? புதுசுதானே, இறுக்கமாகத்தானே இருக்க வேண்டும்?

அசைவு இருந்தால்தான் சத்தம். பலகையும் பலகையும் உரசலாம், பலகையும் ஆணியும் உரசலாம், பலகைக்குக் கீழே இருக்கும் ப்ளைவுட்டும் அதைத் தாங்கும் உத்திரக் கட்டையும் உரசலாம். இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று ஒரு நொடி பிடித்துக்கொண்டு, அப்புறம் வழுக்கி, மறுபடி பிடித்து, மறுபடி வழுக்கும்போது அந்த அதிர்வு கீச்சென்று வெளியே வருகிறது. வயலின் வில் தந்தியைப் பிடித்துப் பிடித்து விடுவதும் இதே சங்கதிதான். இதற்குப் பெரிய இடைவெளி எதுவும் தேவையில்லை, ஒரு தடித்த காகிதம் நுழையும் அளவு சந்து போதும்.

ஜப்பானில் கியோட்டோ நகரத்து நிஜோ கோட்டையில், நடந்தால் பறவை போலக் கீச்சிடும் தாழ்வாரங்கள் இருக்கின்றன. தளத்துக்கு அடியில் உள்ள இரும்புப் பட்டைகளும் ஆணிகளும் ஒன்றோடொன்று உரசுவதால் வரும் ஒலி அது. உங்கள் வீட்டில் கேட்பதும் பல சமயம் அதே உரசல்தான்.

கொஞ்ச நாள் விட்டால் தானே சரியாகிவிடுமா?

சில சத்தம் அடங்கும், சில அடங்காது. புதுத் தளத்தில் முதல் சில வாரங்கள் அங்கங்கே டக், டிக் என்று கேட்பது சகஜம். மரம் வீட்டின் காற்றுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது, ஆணி தன் இடத்தில் உட்காருகிறது. முடிந்தால் வறண்ட பருவம் ஒன்று, ஈரமான பருவம் ஒன்று, இரண்டையும் தளம் பார்த்து முடிக்கும்வரை பொறுப்பது நல்லது. வறண்ட காலத்தில் மட்டும் கீச்சிட்டுவிட்டு ஈரக்காற்று வந்ததும் அடங்கும் தளத்தை இரண்டாவது மாதமே குத்திக் கிளறியவர்கள் பிறகு வருத்தப்படுகிறார்கள்.

ஆனால் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் இருக்கின்றன. காலை வைத்தால் பலகை கண்ணுக்குத் தெரியும்படி அமுங்குகிறதா, பலகைகளின் ஓரம் தூக்கி நடு குழிந்திருக்கிறதா, சத்தம் வாரா வாரம் புது இடங்களுக்குப் பரவுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே பார்க்க வேண்டும். ஓரம் தூக்கியிருந்தால் ஏறக்குறைய நிச்சயமாகக் கீழேயிருந்து ஈரம் ஏறுகிறது.

சத்தத்தின் ரகத்தை வைத்தே காரணம் சொல்ல முடியுமா?

முழுசாகச் சொல்ல முடியாது, ஆனால் எங்கே தேட ஆரம்பிப்பது என்று தெரிந்துவிடும்.

நீளமான 'கிரீ...ச்' என்று, காலை வைக்கும்போது ஒரு தடவையும் எடுக்கும்போது ஒரு தடவையும் வந்தால் ஆணித் தண்டு மரத்தில் ஏறி இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அது பலகையைப் பிடிக்கும் ஆணியாகவும் இருக்கலாம், ப்ளைவுட்டை உத்திரத்தோடு பிடிக்கும் ஆணியாகவும் இருக்கலாம். இரண்டாவது வகையில் சத்தம் கொஞ்சம் கனமாக, அடியிலிருந்து வருவதுபோல் இருக்கும், பக்கத்தில் நின்றாலும் அதே சத்தம் கேட்கும்.

மெல்லிய 'கீச் கீச்' ஒரே ஒரு பலகையில் வந்தால், ஒரு பலகையின் நாக்கு (ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு) அடுத்த பலகையின் காடிக்குள் (அந்த விளிம்பு நுழையும் பள்ளம்) உரசுகிறது. இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி: இரண்டு பலகையும் சேரும் கோட்டின் மேல் பாதத்தைக் குறுக்காக வைத்து எடையைக் குதிகாலுக்கும் விரலுக்கும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். சத்தம் அந்தக் கோட்டில் மட்டும் வந்தால் அதேதான்.

'டக்' என்று ஒரே அடியாக, கூர்மையாக வந்து நின்றுவிட்டால், இறுகியிருந்த ஏதோ ஒன்று விடுபடுகிறது. சரியாக ஒட்டாத பசை பிய்வதாக இருக்கலாம், இடம் போதாமல் நெருக்கிக்கொண்டிருந்த பலகை நழுவுவதாக இருக்கலாம், ஓரங்களில் ஒட்டிக்கொண்ட பாலிஷ் உடைவதாகவும் இருக்கலாம். பாலிஷ் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

'நறநற' என்று மணல் மேல் நடப்பதுபோல் கேட்டால், பெரும்பாலும் மணல்தான். பூச்சு வேலையின் துகள், மரத்தூள், காய்ந்த பசைக் கட்டி எதையாவது பெருக்காமல் மேலே தளத்தைப் போட்டிருப்பார்கள். ஆணியோ பசையோ இல்லாமல் தரைமேல் சும்மா கிடக்கும் 'மிதக்கும்' தளத்தில் இது அதிகம். பிளாஸ்டிக் பை கசங்குவதுபோல் கேட்டால் ஈரத்தடுப்புக்காக விரித்த பாலித்தீன் தாள் சுருங்கியிருக்கும்.

'டொம் டொம்' என்று காலியாக ஒலிப்பது வேறு கதை. அது உரசல் இல்லை, அடியில் காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று துல்லியமாகக் கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டு பேர் வேண்டும், அரை மணி நேரம் வேண்டும், காற்றாடி டிவி எல்லாம் நிறுத்தப்பட்ட அமைதி வேண்டும். பெயிண்ட் அடிப்பவர்கள் ஓரத்தில் ஒட்டும் நீலத் தாள் டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அது பாலிஷைப் பிய்க்காது. ஒருவர் செருப்பில்லாமல் மெதுவாக, ஒரு பலகை நீளம் முழுக்க நடக்க வேண்டும். சத்தம் வந்த இடத்தில் நின்று, காலை எடுக்காமல் எடையை மட்டும் ஆட்ட வேண்டும். இன்னொருவர் தரையில் காதை வைத்துப் படுத்துக் கேட்க வேண்டும். மரம் ஒலியைத் தூரம் வரைக்கும் கடத்தும், அதனால் நிற்பவருக்குக் கேட்கிற இடமும் உண்மையான இடமும் இரண்டு அடி தள்ளியிருக்கலாம். காதைத் தரையில் வைப்பவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

கண்டுபிடித்த ஒவ்வொரு இடத்திலும் டேப்பில் ஒரு துண்டை ஒட்டி, என்ன சத்தம் என்று அதன்மேல் எழுதுங்கள். இதை எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள், ஆனால் எனக்கு இதுவரை அதிகம் உதவியது இதுதான். முழு அறையும் முடிந்ததும் எழுந்து நின்று டேப் துண்டுகளைப் பாருங்கள். அவை நேர்கோட்டில், ஒரே இடைவெளியில் வரிசையாக நின்றால் கீழே உத்திரக் கட்டை போகும் கோடு அது, ப்ளைவுட் அங்கே தளர்ந்திருக்கிறது. அதே வரிசை ப்ளைவுட் தாள்கள் சேரும் கோட்டில் விழுந்தால், தாள்களுக்கு நடுவே விட வேண்டிய சுமார் 3 மில்லிமீட்டர் சந்தை விடாமல் நெருக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஒரே இடத்தில் கும்பலாக இருந்தால் அங்கே தரை பள்ளம். சுவரோரமாக மட்டும் இருந்தால் ஸ்கர்ட்டிங்கை, அதாவது சுவரின் அடியோரம் ஓடும் பட்டையை, பார்க்க வேண்டும். அறை முழுக்கச் சிதறிக் கிடந்தால் ஈரம், இல்லை ஆணிக் குறைவு.

அடுத்தது காந்தம். சின்னதாக ஆனால் பலமாக இழுக்கும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, பலகையின் நாக்கு இருக்கும் ஓரமாக மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். ஆணி இருக்கும் இடத்தில் கை லேசாகத் தயங்கும், அந்த இடத்தில் பென்சிலால் டேப்பில் புள்ளி வையுங்கள். பலகை தடிமனாக இருந்தால் இழுப்பு மிக மெல்லிசாகத்தான் தெரியும், பொறுமை வேண்டும். ஒரு தடவை நான் இப்படி இழுத்துக்கொண்டு போனபோது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே முழங்கை நீளத்துக்கும் மேல் எதுவுமே தட்டவில்லை. ஐந்து அங்குல அகலப் பலகை அது. அதற்கு மேல் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆணி எவ்வளவு இடைவெளியில் இருக்க வேண்டும்?

அகலம் 3 அங்குலத்துக்குக் குறைந்த திடமரப் பட்டைகளுக்கு 10 அங்குலத்துக்கு ஒன்று என்பது பொதுவான அளவு, 12 வரை போகலாம். 3 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பலகைகளுக்கு 6 முதல் 8 அங்குலத்துக்கு ஒன்று. பலகையின் இரண்டு முனையிலும் 1 முதல் 3 அங்குலத்துக்குள் ஓர் ஆணி கட்டாயம் இருக்க வேண்டும். பல இடத்தில் சத்தம் முனையில்தான் வருகிறது, ஏனென்றால் அவசரத்தில் விட்டுப்போவது அந்தக் கடைசி ஆணிதான்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் அடித்த விதம் தப்பாக இருக்கலாம். காற்றழுத்தத் துப்பாக்கியில் அழுத்தம் அதிகமானால் ஆணி நாக்கையே பிளந்துவிடும், பிடிப்பு போய்விடும். அழுத்தம் குறைந்தால் தலை வெளியே துருத்திக்கொண்டு அடுத்த பலகையை முழுசாகச் சேரவிடாது. இரண்டுமே கீச்சுதான்.

ஈரம் ஈரம் என்கிறார்களே, அதற்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் இருக்கிறது. மரம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வறண்டால் திருப்பிக் கொடுக்கும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக இருக்கும் அறையில் மரத்தினுள் சுமார் 6 சதவீத ஈரம் நிற்கும். 50 சதவீதமானால் சுமார் 9. எண்பதைத் தொட்டால் 16 வரை ஏறும். ஏறும்போது பலகை அகலத்தில் விரியும், இறங்கும்போது சுருங்கும். நீளத்தில் அசைவது மிகக் கொஞ்சம், அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

எவ்வளவு விரியும்? மரத்தின் வளர்ச்சி வளையங்கள் படுத்தவாறு அறுத்த சிவப்பு ஓக் பலகையை எடுத்துக்கொள்வோம். 125 மில்லிமீட்டர் அகலம். மரத்தின் ஈரம் 4 சதவீதம் இறங்கினால் அந்தப் பலகை ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் சுருங்கும். அதே மரத்தை வளையங்கள் நிமிர்ந்து நிற்கும்படி அறுத்திருந்தால் சுருக்கம் அதில் பாதிகூட இருக்காது. ஒரு பலகைக்கு 1.8 என்றால் சின்ன விஷயம்போல் தெரியும், ஆனால் காடிக்குள் இறுக்கமாக இருந்த நாக்கு இப்போது ஆட இடம் கிடைத்து ஆடுகிறது, சத்தம் அங்கே பிறக்கிறது. எதிர்த் திசையில் விரிந்தால் நூறு பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, சுவரோரம் விட்ட சந்து போதாமல், டக் டக்கென்று வெடிக்கும்.

புதுத் தளத்தில் பெரிய தப்பு எங்கே நடக்கிறது என்றால், மரத்தைக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கே போட்டுவிடுகிறார்கள். வீட்டில் பூச்சும் பெயிண்டும் காயாமல் ஈரமாக இருக்கும், மரமோ சூளையில் காய்ந்து வந்திருக்கும். அல்லது மரம் சரியாக இருக்கும், கீழே இருக்கும் ப்ளைவுட் மழையில் நனைந்திருக்கும். பலகைக்கும் ப்ளைவுட்டுக்கும் உள்ள ஈர வித்தியாசம், குறுகிய பட்டைகளுக்கு 4 சதவீதத்துக்குள்ளும் 3 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 2 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். எத்தனை நாள் மரத்தை அறையில் வைத்திருந்தீர்கள் என்று கேட்பதைவிட, போடும்போது அதில் ஈரம் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். நாள் கணக்கு மரத்துக்குத் தெரியாது, மீட்டர் காட்டும் எண்தான் பேசும்.

இதையெல்லாம் நான் வீட்டில் அளக்க முடியுமா?

முடியும். அறையின் காற்றுக்கு ஒரு சாதாரண டிஜிட்டல் ஈரப்பதமானி போதும். அது சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்: ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத பைக்குள் வைத்து எட்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி 5 குறைவாகச் சொல்கிறது, அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு தினமும் காலையும் ராத்திரியும் எண்ணைக் குறித்து, பக்கத்திலேயே சத்தம் இருந்ததா இல்லையா என்றும் எழுதுங்கள். மூன்று வாரத்தில் தொடர்பு இருந்தால் கண்ணில் படும். மரத்தளம் நிம்மதியாக இருப்பது 30 முதல் 50 சதவீதத்துக்குள்.

மரத்துக்கு மாய்ஸ்ச்சர் மீட்டர் வேண்டும். ஊசி வைத்தது சின்ன ஓட்டை போடும், தட்டையானது போடாது. எந்த மரம் என்று கருவியில் அமைத்துவிட்டுப் பாருங்கள், மரத்துக்கு மரம் எண் மாறும். ஒரு இடத்தில் அளந்துவிட்டு நிற்காமல் குளியலறைச் சுவரோரம், வெளிவாசல் அருகே, அறை நடுவே என்று பல இடங்களில் அளங்கள். ஓர் இடம் மட்டும் மற்றவற்றைவிட 4, 5 அதிகம் காட்டினால் அங்கே தண்ணீர்க் குழாயோ வடிகாலோ கசிகிறதா என்று பாருங்கள்.

மரத்தளத்துக்கு அடியில் கான்கிரீட் தரை. அதிலும் ஈரம் இருக்குமா?

புதுக் கான்கிரீட்டில் நிச்சயம் இருக்கும், மேலே காய்ந்த மாதிரித் தெரிந்தாலும். 45 சென்டிமீட்டர் சதுரமாகப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நாலா பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுத் திறந்து பாருங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் உண்டு. வியர்க்கவில்லை என்பதற்காக ஈரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம்பகமான சோதனை என்றால் கான்கிரீட்டின் கனத்தில் 40 சதவீத ஆழம்வரை துளையிட்டு அதற்குள் உணரியை வைத்து அளப்பதுதான்.

மிதக்கும் முறையில் போட்ட தளம். ஆணியே இல்லை, பின்னே எது கீச்சிடுகிறது?

மிதக்கும் தளம் தரையோடு ஒட்டாமல், ஃபோம் விரிப்பின் மேல், பலகைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடக்கிறது. இதில் சத்தத்துக்கு முதல் காரணம் தரை சமமாக இல்லாததுதான். 3 மீட்டர் நேர்க்கட்டை ஒன்றை வைத்துப் பார்த்தால் அடியில் 5 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரியக் கூடாது, சில தயாரிப்பாளர்கள் இன்னும் கடுமையாகக் கேட்பார்கள். பள்ளம் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் பலகை இறங்கி ஏறும், பலகைகள் கோத்திருக்கும் பூட்டு உரசும், நாளடைவில் பூட்டே தேய்ந்து உடையும். ஃபோம் தடிமனாக இருந்தால் பள்ளத்தை மறைக்கும் என்று இரண்டு அடுக்கு விரிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மெத்தை மேல் பலகை போட்ட மாதிரி எல்லாப் பூட்டும் ஆட ஆரம்பிக்கும்.

இரண்டாவது காரணம், மிதக்க வேண்டியது மிதக்காமல் மாட்டிக்கொள்வது. சுவரைச் சுற்றி 10 முதல் 12 மில்லிமீட்டர் சந்து வேண்டும். ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி ஓரமெல்லாம் பாருங்கள், ஏதோ ஒரு மூலையில் பலகை சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். கதவுச் சட்டத்தின் அடியையும் மறக்காதீர்கள். சமையலறை அலமாரிகளைத் தளத்தின் மேலேயே நிறுத்தியிருந்தாலும், கதவு நிறுத்தியைத் தளம் வழியாகத் தரைக்கே திருகியிருந்தாலும், அந்த ஒரு இடம் ஆணி அடித்த மாதிரிதான். தளம் ஒரு பக்கம் கட்டிப்போடப்பட்டு மறுபக்கம் விரியப் பார்க்கும்போது நடுவில் எழும்பி நிற்கும், மிதித்தால் டொம்மென்று இறங்கும். இதற்கு மருந்து சுலபம்: முட்டும் இடத்தை வெட்டி விட வேண்டும். சில நாட்களில் தானாகப் படுத்துக்கொள்ளும்.

பசையில் ஒட்டியது. தட்டினால் சில இடம் காலியாகக் கேட்கிறது. பிரிந்துவிட்டதா?

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்த்துக் காலியான பகுதியை டேப்பால் வட்டமிடுங்கள். அப்புறம் அதன்மேல் ஏறி நில்லுங்கள். ஒலி மட்டும் காலியாக இருந்து, அசைவும் சத்தமும் இல்லையென்றால் விட்டுவிடலாம். எந்தத் தளத்திலும் அங்கங்கே பசை படாத புள்ளிகள் இருக்கும். அசைகிறது, ஒவ்வொரு அடிக்கும் 'சப்' என்று ஒட்டிப் பிரிகிறது என்றால் பசை பிடிக்கவில்லை. பசை தேய்க்கும் பல் வைத்த கரண்டியில் தவறான பல் அளவை எடுத்திருப்பார்கள், அல்லது பசையை விரித்துவிட்டு நேரம் கடத்தி, மேலே தோல் கட்டிய பிறகு பலகையை வைத்திருப்பார்கள்.

இதற்கு 2, 3 மில்லிமீட்டர் துளை போட்டு ஊசி வழியாகப் பசையைச் செலுத்தி, மேலே எடை வைத்து ஒரு நாள் விடும் முறை நன்றாக வேலை செய்கிறது, ஆனால் பகுதி சின்னதாக இருந்தால் மட்டும். பாதி அறை காலியாக ஒலித்தால் ஊசி போட்டுத் தீராது. தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுகிறதென்றால் துளையிடும் பேச்சே எடுக்காதீர்கள்.

யாரும் நடக்காதபோது, நடுராத்திரி டக் என்று கேட்கிறது.

பகலில் சூடாகி ராத்திரி குளிரும்போது கட்டடம் முழுக்கச் சுருங்குகிறது. மரம் அதில் ஒரு பங்குதான். தரைக்கு அடியில் போகும் வெந்நீர்க் குழாய் தன் பிடியில் உரசினாலும் தகரக் காற்றுக்குழாய் சுருங்கினாலும் தளத்திலிருந்து வருவதுபோலவே கேட்கும். ஹீட்டர் ஓடி நின்ற எத்தனையாவது நிமிடத்தில் சத்தம் வருகிறது என்று கடிகாரம் பாருங்கள், தினமும் ஒரே நேரம் என்றால் தளத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். தரைச் சூடேற்றி உள்ள வீடுகளில் தளத்தின் மேற்பரப்பு 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் வையுங்கள், சூட்டைத் தடாலென்று ஏற்றி இறக்காதீர்கள்.

பாலிஷ் போட்ட பிறகுதான் சடசடவென்று ஆரம்பித்தது. அதற்கு முன்னால் சத்தமே இல்லை.

இது பலருக்குத் தெரியாத விஷயம். மேலே பூசிய பாலிஷ் பலகைகளுக்கு நடுவே உள்ள சந்தில் இறங்கி, காய்ந்து, இரண்டு பலகையையும் பசை போல ஒட்டிவிடும். மிதிக்கும்போது அந்த ஒட்டு கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது, சடசடவென்று கேட்கிறது. எல்லா ஓரமும் உடைந்து முடிந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காமல், பத்துப் பலகை ஒட்டிக்கொண்டு பதினோராவதில் மட்டும் பெரிய விரிசல் தெரிந்தால், சுருக்கம் எல்லாம் அந்த ஒரு சந்தில் வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கூர்மையான கத்தியால் சந்து சந்தாகக் கீறிப் பிரித்துவிடுவார்கள். அனுபவம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

சுவரோரம் மட்டும் கீச்சிடுகிறது.

ஸ்கர்ட்டிங்கைத் தளத்தோடு அழுத்தி அடித்திருக்கிறார்கள். அடியில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் தளர்த்தி, கார்டு கனத்துக்குத் தூக்கி, சுவரில் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். தளத்தில் ஆணி போகக் கூடாது.

டால்கம் பவுடர், கிராஃபைட் தூள் போட்டால் போதுமா?

நாக்கும் காடியும் உரசும் மெல்லிய கீச்சுக்கு உதவும். சந்தில் தூவி, தூரிகையால் உள்ளே தள்ளி, மேலே நடந்து இறக்கி, மீதியைத் துடைத்துவிடுங்கள். சில மாதம் நிற்கும். கிராஃபைட் வெளிர் நிற மரத்தில் கறை காட்டும், பார்த்துச் செய்யுங்கள். எண்ணெய், மெழுகு, துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். பின்னால் எப்போதாவது மறுபடி பாலிஷ் போட நினைத்தால் அந்த இடத்தில் பிடிக்காது. தண்ணீர் தெளித்து மரத்தை விரியவைத்துச் சத்தத்தை அடக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது, அதைச் செய்தால் ஓரம் தூக்கும்.

கீழேயிருந்து சரிசெய்ய வழி இருக்கிறது. என்ன செய்யலாம்?

அப்படியென்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மேலே ஒருவரை நடக்கவிட்டு, கீழே டார்ச்சோடு நின்று பாருங்கள். ப்ளைவுட்டுக்கும் உத்திரக் கட்டைக்கும் நடுவே வெளிச்சம் திறந்து மூடுவது சில சமயம் கண்ணுக்கே தெரியும். அந்தச் சந்தில் மெல்லிய மர ஆப்பை இருபுறமும் பசை தடவி, விரலால் தள்ளி, சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. அவ்வளவுதான். ஓங்கி அடித்தால் தளம் தூக்கிக்கொண்டு பக்கத்தில் புதுச் சந்து உண்டாகும், ஒரு சத்தத்துக்குப் பதில் மூன்று சத்தம் கிடைக்கும். சந்து நீளமாக இருந்தால் உத்திரத்தின் பக்கவாட்டில் ஒரு கட்டையைப் பசையோடு திருகி, ப்ளைவுட்டுக்கு முட்டுக் கொடுங்கள்.

பலகைக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவே அசைவு என்றால் கீழேயிருந்து திருகாணி. இங்கே கணக்கு முக்கியம். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டும் 18 மில்லிமீட்டர் பலகையும் சேர்ந்து 36, எனவே திருகாணி 30க்கு மேல் நீளம் போகக் கூடாது. ப்ளைவுட்டில் போடும் துளை திருகாணியின் மரை பிடிக்காத அளவுக்கு அகலமாக இருக்கட்டும், அப்போதுதான் அது பலகையைக் கீழே இழுக்கும். இல்லையென்றால் இரண்டையும் அந்தச் சந்தோடே பூட்டி வைத்துவிடும். முறுக்கும்போது மேலே ஒருவர் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

மேலேயிருந்துதான் முடியும் என்றால்?

உத்திரம் எங்கே என்று கண்டுபிடித்து, தலை உடைந்து கழன்றுவிடும்படி செய்த மெல்லிய திருகாணியை அதில் இறக்கலாம். துளை சின்னதாக இருக்கும், மர நிற மக்கு வைத்து மூடினால் தேடினால்தான் தெரியும். அல்லது மெல்லிய துளை போட்டு, தலை சிறுத்த ஆணியைச் சாய்வாக அடித்து உள்ளே அமுக்கலாம். துளை போடாமல் அடித்தால் கடினமரம் பிளக்கும். ஆணியடித்த தளத்துக்கு மட்டும்தான் இது. மிதக்கும் தளத்தில் ஒரு ஆணிகூட இறக்காதீர்கள்.

தளம் போட்டவரை அழைத்தால் 'மரம் என்றால் சத்தம் போடத்தான் செய்யும்' என்கிறார்.

அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை, எந்த மரத்தளமும் முழு மௌனமாக இருக்காது. ஆனால் ஒரே இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் வரும் சத்தம் மரத்தின் குணம் இல்லை. சண்டை போடாமல் கையில் இருப்பதைக் காட்டுங்கள்: டேப் ஒட்டிய தளத்தின் படம், பலகை அமுங்குவது தெரியும் வீடியோ, தினசரி ஈரப்பதக் குறிப்பு, காந்தத்தில் கிடைத்த ஆணி இடைவெளி. போடுவதற்கு முன் ப்ளைவுட்டிலும் பலகையிலும் ஈரம் எவ்வளவு இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் எழுதி வைத்திருப்பார். தயாரிப்பாளரின் வழிமுறைத் தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உத்தரவாதம் அந்தத் தாளில் உள்ளதைத்தான் பார்க்கும். அவர் வந்து பார்ப்பதற்குள் நீங்களாக எதையும் திருகவோ துளைக்கவோ செய்யாதீர்கள், பிறகு எது யார் செய்தது என்ற பேச்சு வரும்.

முழுசாகப் பிரித்துத்தான் போட வேண்டும் என்பது எப்போது?

ப்ளைவுட்டே நனைந்து உப்பியிருந்தால், தரை பல இடங்களில் பள்ளமாக இருந்தும் சமப்படுத்தாமல் போட்டிருந்தால், பாதிக்கு மேல் பசை பிடிக்காமல் இருந்தால், மிதக்கும் தளத்தில் பூட்டுகள் உடைந்திருந்தால். வருத்தமான பதில்தான், ஆனால் இந்த நாலிலும் ஒட்டுப்போடுவது பணத்தை இரண்டு தடவை செலவழிப்பது.

இன்னும் போடவில்லை, அடுத்த மாதம் போடப் போகிறோம். முன்கூட்டியே என்ன பார்க்கலாம்?

பழைய தளத்தைப் பிரித்து ப்ளைவுட் வெளியே தெரியும் அந்த ஒரு நாள் இருக்கிறதே, அதை விடாதீர்கள். அன்றைக்கு நீங்களே வெறும் ப்ளைவுட் மேல் அறை முழுக்க நடங்கள். எங்கே கீச்சிட்டாலும் சாக்பீஸால் வட்டம் போட்டு, அங்கே உத்திரத்துக்குள் திருகாணி இறக்கச் சொல்லுங்கள். வட்டம் எல்லாம் மௌனமான பிறகு பெருக்கி, வாக்யூம் போட்டு, நேர்க்கட்டை வைத்துப் பார்த்து, மேடு தேய்த்து, பள்ளம் நிரப்பி, ஈரம் அளந்து, அதற்கப்புறம் முதல் பலகையைப் போடச் சொல்லுங்கள். பலகைகள் உத்திரங்களுக்குக் குறுக்காக ஓடட்டும்.